பாலிமர் பாடம்: அட்டவணையை மூடிவிட்டுச் சங்கிலியைப் பாருங்கள்

சிங்கப்பூரின் ஓ நிலை வேதியியலில் பாலிமர், அதாவது மோனோமர் என்ற சின்ன மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி, பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் பிரிலிம் என்ற பள்ளி முன்தேர்வு நெருங்கிவிடும், வகுப்பில் ஓட்டமாக முடிப்பார்கள். அதனால் பலர் ஓர் அட்டவணையைப் போட்டு உருப்போடுகிறார்கள்: நைலான் என்றால் தூண்டில் நரம்பு, டெரிலீன் என்றால் திரைச்சீலை, பாலிஎத்தீன் என்றால் பிளாஸ்டிக் பை. பாலிடெக்னிக்கில் கெமிக்கல் எஞ்சினியரிங் படிக்கும் நான், சந்தேகம் கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் அந்த அட்டவணையை மூடத்தான் முதலில் சொல்வேன். சங்கிலியில் என்ன பிணைப்பு இருக்கிறது என்று தெரிந்தால், பயனை நாமே ஊகித்துவிடலாம்.

வீட்டில் இருக்கும் புட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். குளிர்பானப் புட்டியில் 1. அது பெட் என்ற பாலியெஸ்டர், டெரிலீனும் அதே பொருள்தான். பிளீச் புட்டியில் பெரும்பாலும் 2, அடர்த்தி கூடிய பாலிஎத்தீன். பாலியெஸ்டர் சங்கிலி நெடுக எஸ்டர் பிணைப்புகள் உண்டு, காரம் அவற்றை நீராற்பகுத்து உடைத்துவிடும். பாலிஎத்தீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. காரம் தாக்க அங்கே ஒன்றும் இல்லை. “சோடியம் ஹைட்ராக்சைடை எந்தப் புட்டியில் வைக்கலாம், ஏன்?” என்ற கேள்விக்கு இதுவே முழு விடை.

உடுப்பும் அப்படித்தான். பருத்தி என்பது செல்லுலோஸ், இயற்கைப் பாலிமர். அதன் தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் (OH) குழுக்கள் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சங்கிலி நெடுக அவை இல்லாத பாலியெஸ்டர் ஜெர்சி நம் ஊர்ப் புழுக்கத்திலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

மார்க் போவது பெரும்பாலும் வரைபடத்தில். கூட்டுப் பாலிமர் (எதையும் இழக்காமல் மோனோமர்கள் சேர்ந்தது) என்றால் முதுகுச் சங்கிலியில் இரண்டு கார்பனை எடுத்து நடுவில் இரட்டைப் பிணைப்புப் போடுங்கள், மோனோமர் வந்துவிடும். ஒடுக்கப் பாலிமரில் (தண்ணீரை இழந்து சேர்ந்தது) எஸ்டர் அல்லது அமைடு பிணைப்பைத் தேடி, அங்கே வெட்டி, இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள். மீள் அலகின் (சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டின்) இரு முனைப் பிணைப்புக் கோடுகளும் அடைப்புக்குறியைத் தாண்டி வெளியே நீள வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் திருத்துபவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாடத்தில் இல்லாத பாலிமர் ஒன்றின் அமைப்பைக் கொடுத்தும் கேட்பார்கள். அதற்குப் பயிற்சி செய்ய ரப்பரைவிட நல்ல பொருள் நமக்கு ஏது? 1877இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்றுகள் வந்தன. பிறகு இங்குள்ள தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி, மரம் சாகாமல் திரும்பத் திரும்ப ரப்பர்ப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். என் பாட்டி ஜொகூர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர்; ஆசிட் ஊற்றினால் பால் உறையும் என்பது அவருக்கு எந்த டியூஷனும் இல்லாமலே தெரியும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் ஒன்றையொன்று விலக்கும். அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உறையாமல் வைக்க அம்மோனியா என்ற காரத்தைச் சேர்ப்பதும் இதனால்தான்.

ரப்பரின் மோனோமர் ஐசோப்ரீன். அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், ஆகவே சங்கிலியிலும் அலகுக்கு ஒன்று மிஞ்சும். மேலே சொன்ன இரண்டு கார்பன் விதி இங்கே செல்லாது, நான்கு எடுக்க வேண்டும். மிஞ்சிய பிணைப்பை ஒட்டித்தான் கந்தகம் சங்கிலிகளுக்கிடையே பாலம் போடுகிறது, டயர் உறுதியாகிறது. அதே ஐசோப்ரீன் சங்கிலி இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்ந்தால் டிரான்ஸ் வடிவம்; அதுதான் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால். ஒரே பக்கத்தில் தொடரும் ரப்பரின் சிஸ் சங்கிலி கோணலாக மடங்கிக் கிடப்பதால் இழுபடும். டிரான்ஸ் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் பொருள் கெட்டியாகும், வெந்நீரில் இளகும். 1840களில் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிய கட்டா பெர்ச்சாதான் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. ஒரே சூத்திரம், இரண்டு தொழில்கள்!

அப்புறம், கழிவு பற்றிய கேள்வி. புதைப்பதைக் கேட்கிறதா, எரிப்பதைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். எரியக்கூடிய நம் குப்பை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பைக் கிடங்குக்குப் போகிறது என்பதால் இங்கே இரண்டாவதும் முக்கியம். “நச்சு வாயு வரும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். குளோரின் உள்ள பிவிசி பிளாஸ்டிக் என்றால் ஹைட்ரஜன் குளோரைடு என்று பெயரைச் சொல்லுங்கள்.