மின்தடை நாளுக்கு ஏற்ற ஆடியோ இன்டர்ஃபேஸ்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் என்றால் எங்கள் காட்பாடித் தெருவில் எல்லோருக்கும் எரிச்சல். எனக்கு மட்டும் அன்றுதான் குரலைப் பதிவு செய்யும் வேலை நாள். காலையில் மின்சாரம் போனதும் ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓயும். மாடியில் கிரைண்டர் நிற்கும். ரயில் மட்டும் நிற்காது. சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதற்குக் குறைப்படுவதில் நியாயம் இல்லை. ஹாரன் ஓயும்வரை பொறுத்திருந்து அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்துவிடுவேன்.

வாசிப்பது பாடநூல்கள். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் சிலருக்காகப் பாடங்களை வாசித்து அனுப்புகிறேன். செல்பேசியிலேயே பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு மாணவி ஒருநாள் சொன்னாள்: "டீச்சர், நாங்கள் இரட்டை வேகத்தில் வைத்துத்தான் கேட்போம். அந்த வேகத்தில் உங்கள் அறையின் எதிரொலி சொல்லோடு சொல்லை ஒட்டிவிடுகிறது."

ஆக, எனக்குத் தேவைப்பட்டது இனிமை அல்ல, துலக்கம். வாய்க்கு அருகில் வைத்துப் பேசுகிற டைனமிக் மைக்கும், அதன் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்ல ஓர் இன்டர்ஃபேஸும் வேண்டும் என்று முடிவாயிற்று. கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும் என்பது உண்மைதான். வெற்றுச் சுவரும் மொசைக் தரையும் உள்ள அறையில் அது எதிரொலியையும் அதே நுணுக்கத்தோடு கேட்கும்.

மைக் செலவில்லாமல் வந்தது. அக்கா மகன் கல்லூரிக் காலத்தில் மேடையில் பாடிய ஷூர் எஸ்எம்58, உறையோடு பரணில் கிடந்தது. 1966 முதல் சந்தையில் இருக்கும் மாடல். உழைப்பைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது: ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு இரண்டு மில்லிவோல்ட்கூட இல்லை. அதைப் பெருக்கித் தருவதுதான் இன்டர்ஃபேஸின் முதல் வேலை. கடைக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவது 192 கிலோஹெர்ட்ஸ் என்பதை, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதை. நான் தேடியது, விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்கும்) என்ற வரியை. மனிதக் காது எட்டுவதே அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அளக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள ஒலி பதிவாகும் என்பதால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தாலே 24 வரை பிடித்துவிடும். என் வயதுக் காதுக்கு அதிலும் பாதி போதும்.

நான் பார்த்த இன்டர்ஃபேஸ்களில், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நான்காம் தலைமுறையில் மைக் கெயின் 57 டெசிபல். ஆடியன்ட் ஈவோ 4-இல் 58. மோட்டு எம்2-இல் 60. ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறையில் 69. நான்கு விரல்கடை தூரத்தில் உரக்கப் பேசுபவருக்கு 57 போதும். எனக்கோ மெல்லிய குரல். முப்பது ஆண்டுகள் வகுப்பில் கத்தியதற்குத் தொண்டை கேட்ட விலை அது. கெயினைக் கடைசிவரை திருகி வைத்துக்கொண்டு, சீறலையும் சேர்த்துப் பதிவு செய்ய நான் விரும்பவில்லை.

"ஒரே மைக்குக்கு எதற்குச் சித்தி இரண்டு இன்புட்?" என்றான் அக்கா மகன். நாடகப் பாடம் வந்தால் என் நாத்தனாரை எதிரில் உட்காரவைத்து உரையாடலைப் பிரித்து வாசிக்கலாமே! சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் 2ஐ2 வாங்கினேன். அதில் தானாகக் கெயின் வைத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டுப் பத்து விநாடி பேசினால் அளவை அதுவே வைத்துவிடுகிறது. பாடத்தின் முதல் பத்தியைத்தான் வாசித்துக் காட்டுவேன். "ஹலோ ஹலோ" என்று சொன்னால் குரல் இயல்பைவிட ஏறிவிடும்.

இத்தனைக்கும் முன்னால் நான் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே: தனி அடாப்டர் கூடாது. மடிக்கணினியின் யுஎஸ்பி தரும் மின்சாரத்திலேயே ஓட வேண்டும். இல்லாவிட்டால் மின்தடை நாளில் அதைத் தூக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். பேட்டரியில் ஓடும்போது இன்னொரு லாபம்: சார்ஜர் செருகியிருந்தால் சில வீடுகளில் கேட்கும் மெல்லிய ரீங்காரம் எழ வழியே இல்லை. செல்பேசியில் இணைக்கிறவர்கள் கவனிக்க: எல்லா செல்பேசியும் இன்டர்ஃபேஸுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்துவிடாது. 2ஐ2-இன் பின்புறம் 5 வோல்ட் மின்சாரத்துக்கென்றே இன்னொரு துளை இருப்பதால் பவர் பேங்கைச் செருகலாம். குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. பஞ்சு மெத்தைகள் அடுக்கிய அந்த உள்ளறைக்கு இணையான இடம் எங்கள் வீட்டில் இல்லை.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கத்திரியில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்தால் புத்தகத் தாளில் வியர்வை சொட்டும். அந்த மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிதான் என் நேரம்; காகங்கள் தொடங்குவதற்குள் ஒரு பாடம் முடிய வேண்டும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயங்கள். "பாப்பா", "அப்பப்பா" போன்ற சொற்களில் காற்று மைக்கில் மோதி வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்தால் முதல் இன்புட்டில் செருகிய மைக்கின் ஒலி இடது காதில் மட்டுமே கேட்கும். மோனோவைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், கோப்பும் சிறிதாகும், ஒற்றை இயர்போனோடு பஸ்ஸில் போகும் மாணவருக்கும் முழுக் குரலும் கிடைக்கும்.

அடுத்து என் மேசையில் இருப்பது பொருளாதாரப் பாடம். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. வரிசை வரிசையாக வாசிப்பதா, பத்தி பத்தியாக வாசிப்பதா? இந்த வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.