இடது காதும் ஏழாவது ஸ்டெப்பும்

மார்ச் 3

இடது காது இன்னும் அடைத்தபடிதான். இரைச்சல் காலையில் குறைவு, ராத்திரியில் அதிகம். ஹெட்ஃபோன் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேட்கலாம்.

மார்ச் 4

ரோலண்டின் 303 என்ற பாஸ் சிந்தசைசரின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. பதினாறு ஸ்டெப், அதாவது பதினாறு ஸ்வர இடங்கள், திரும்பத் திரும்ப ஓடும். பதினாறிலும் ஒரே ஸ்வரம், கீழ் ஸி. வேகம் நிமிடத்துக்கு 120 அடி. அக்சென்ட், அதாவது அழுத்தம், 5, 6, 7-இல் மட்டும். இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்டால் ஐந்தாவது பளிச்சென்று வருகிறது, ஆறாவது அதைவிட, ஏழாவது கத்துகிறது. வலது காதைப் பொத்தினால் மூன்றும் ஏறக்குறைய ஒன்று. சத்தம் கூடுவது தெரிகிறது, அந்தக் கத்தல் இல்லை.

பல கருவிகளில் அக்சென்ட் என்றால் சத்தம் கூடும், அவ்வளவுதான். 303-இல் சத்தம் கூடுவதோடு, மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரும் கூடுதலாகத் திறக்கிறது. ஃபில்டர் மூடும் நேரத்தை வைக்கும் டிகே குமிழை எங்கே வைத்திருந்தாலும் சரி, அக்சென்ட் விழுந்த ஸ்வரத்தில் ஃபில்டரைத் திறந்து மூடும் என்வலப் மிகக் குறுகிய அளவுக்கு, சுமார் 200 மில்லி செகண்டுக்கு, இறங்கிவிடும். அதனால்தான் வெட்டியது போல் விழுகிறது. என்னிடம் இருப்பது நகல் கருவிதான், ஆனால் அதே சுற்று.

மார்ச் 5

மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கிறது.

மார்ச் 6

மணி மூன்று. அந்த ஏழாவது ஸ்டெப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்சென்ட் மின்னழுத்தம் நேராக ஃபில்டருக்குப் போவதில்லை. நடுவில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அக்சென்ட்டும் அதை நிரப்புகிறது. 120 வேகத்தில், அடிக்கு நாலு ஸ்டெப் என்பதால், ஸ்டெப்புக்கு ஸ்டெப் 125 மில்லி செகண்ட். அதற்குள் அது முழுசாக வடிவதில்லை. மிச்சத்தின் மேல் அடுத்த அக்சென்ட் ஏறுகிறது. ஏழாவது ஸ்வரத்துக்குள் ஐந்தாவதும் ஆறாவதும் இருக்கின்றன. ஸ்டெப்புகளை எழுதிவைக்கும் சீக்வென்சரில் எழுதியிருப்பது மூன்றும் ஒரே அக்சென்ட்தான். ஃபில்டர் வெட்டும் இடத்தைக் கூர்மையாக்கும் ரெசொனன்ஸ் குமிழின் ஒரு பாதியும் இதே வழியில்தான் கோத்திருக்கிறது, அதைத் திருகினால் ஏறும் விதமே மாறிவிடும். 1981-இல் கிட்டார்காரர்களுக்குத் துணையாக பாஸ் வாசிக்க ரோலண்டில் தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது இது. சரியாக விற்காமல் 1984-இல் நிறுத்திவிட்டார்கள். 1982-லேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் இதில் பத்து ராகம் வாசித்துப் பதிவு செய்துவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

மார்ச் 8

அம்மா: "காதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுடா." கொடுத்தேன். சாயங்காலம் வரை.

மார்ச் 9

தகிட தகிட தகதிமி தகிட தகிட. 1, 4, 7, 11, 14-இல் அக்சென்ட். ஸ்வரம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, பாட்டே வேறாகிவிட்டது. ஆனால் இடைவெளி இருப்பதால் கெபாசிட்டர் வடிந்துவிடுகிறது, அந்த ஏற்றம் வரவில்லை. கணக்கு அழகுதான். எனக்கு ஏற்றம் வேண்டும்.

மார்ச் 10

இரைச்சல். பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 11

கீழ் ஸி சுமார் 65 ஹெர்ட்ஸ். ரம்ப அலையில் அதன் எல்லா மடங்குகளும் உண்டு. 2000 ஹெர்ட்ஸைத் தொடும்போது முப்பதாவது மடங்கு. போன ஆடியோகிராமில், அதாவது செவிப் பரிசோதனை வரைபடத்தில், என் இடது காதின் கோடு சரிய ஆரம்பிப்பதும் 2000-இல்தான். அக்சென்ட் திறந்துவிடும் மடங்குகள் அங்கேதான் இருக்கின்றன. எனக்கு முதலில் போனது அதுதான்.

அப்புறம் ஃபில்டர் வெட்ட ஆரம்பிக்கும் இடமான கட்ஆஃப்பை நன்றாகக் கீழே இறக்கினேன். என்வலப் ஃபில்டரை எவ்வளவு திறக்கும் என்று வைக்கும் என்வலப் மாடையும் குறைத்தேன். அக்சென்ட் குமிழை மட்டும் முக்கால். சாதாரண ஸ்வரங்கள் மங்கிப்போய் வெறும் உறுமலாகிவிட்டன. வலது காதைப் பொத்தினேன். ஐந்து, ஆறு, ஏழு. ஏறியது! பளபளப்பு இல்லை, தொண்டை திறக்கிற மாதிரி ஓர் ஏற்றம், இடது காதிலேயே. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "மூணாவது பெருசா இருக்கு" என்றாள். அதேதான்.

மார்ச் 13

ஆடியோகிராம். 4000-இல் காதுக்குக் கேட்கத் தேவைப்பட்ட சத்தம் முன்பு 65 டெசிபெல், இன்று 50. 8000-இல் மாற்றமில்லை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். இன்னும் பார்க்கலாம் என்றார்கள்.

மார்ச் 14

கட்ஆஃப் அதே இடத்தில். அக்சென்ட்டை 9, 10, 11, 12-க்கு மாற்றியிருக்கிறேன். நாலாவதில் எவ்வளவு ஏறுகிறது என்று நாளைக் காலை, இரைச்சல் குறைவாக இருக்கும்போது