கூட்டம் குறைந்த காமிக்-கானில் பழைய இதழ் வேட்டை

அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் விழாவான சான் டியேகோ காமிக்-கான், கொரோனாவால் 2020 போலவே 2021 ஜூலையிலும் இணையத்தோடு நின்றுபோனது. அதற்குப் பதிலாக நவம்பர் 26 முதல் 28 வரை மூன்று நாள், 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் சின்ன அளவில் நடத்தினார்கள். குடும்பம் கூடிச் சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் தொடங்குகிற மாதிரி தேதி வைத்ததில் பலருக்குக் கோபம். வீட்டோடு இருக்க வேண்டிய நாளில் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய கடைக்காரர்களைப் பொறுத்தவரை அந்தக் கோபம் முழுக்க நியாயம். எனக்கு அது நீண்ட வார இறுதி, ரயிலேறினால் சான்டா ஃபே ஸ்டேஷன், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. போனதற்கு ஒரே காரணம் பழைய இதழ்கள்.

ஜூலை கான் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஆட்கள், எள் போட்டால் எள் விழாது. ஹால் ஹெச் என்கிற ஆறாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் இடம் பிடிக்க ராத்திரியே வந்து வரிசையில் படுத்துக்கொள்வார்கள், சினிமா நடிகர்களைப் பார்க்க. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று நிதானமாகப் புரட்டவே முடியாது, பின்னால் வருகிறவர் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அந்த நவம்பரில் பெரிய ஸ்டுடியோக்கள் வரவில்லை, ராத்திரி வரிசையும் இல்லை. தடுப்பூசிச் சான்றையோ 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவையோ காட்டினால் கையில் ஒரு பட்டை, முகத்தில் கட்டாயம் மாஸ்க், அவ்வளவுதான், உள்ளே போய்விட முடிந்தது. தொடங்கிய அதே வெள்ளிக்கிழமைதான் உலக சுகாதார நிறுவனம் புதிய கொரோனா வகைக்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தது, வாசலில் நிற்கும்போதே பலரும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நடைபாதைகள் அகலம். கடைகள் குறைவு, ஆனால் வந்திருந்த கடைகளில் பழைய இதழ் விற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். சமீப வருஷங்களில் ஜூலை கானில் இவர்கள் ஓர் ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கடை போட்டுக்கொண்டிருந்த மைல் ஹை காமிக்ஸ் என்ற பெரிய பழைய இதழ்க் கடையே செலவு கட்டவில்லை என்று 2017 இல் நிறுத்திக்கொண்டது. 1970 மார்ச்சில் யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் ஒரே நாள் கூட்டமாக, நூற்றுச் சொச்சம் பேரோடு, இந்த விழா தொடங்கியபோது அதில் பாதி காரியம் பழைய காமிக்ஸ் வாங்குவதும் விற்பதும் மாற்றிக்கொள்வதும்தான். காமிக்ஸ் என்ற பெயரைத் தாங்கிய விழாவில் காமிக்ஸ் வாங்க இடமில்லாமல் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, வேட்டைக்கு வருகிறேன். நான் சேர்ப்பது ஃபான்டம். ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்று படித்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். லீ ஃபாக் 1936 இல் செய்தித்தாள் தொடராகத் தொடங்கிய அவரை அமெரிக்காவில் தனி இதழாக மூன்று கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசை எண்ணைத் தொடர்ந்து போட்டார்கள். 1962 இல் கோல்ட் கீ 1 முதல் 17 வரை, அப்புறம் கிங் காமிக்ஸ் 18 முதல் 28 வரை, அதன் பிறகு சார்ல்டன் 30 இலிருந்து 1977 இல் வந்த 74 வரை. நடுவில் 29 என்று ஓர் இதழ் வரவே இல்லை, புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் அதைத் தேடி அலையாதீர்கள்.

சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் சேர்க்கிறவர்களுக்கு அது கஷ்ட காலம். 2021 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த அமேசிங் ஃபேன்டஸி 15 ஆம் இதழின் ஒரு பிரதி 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, 1962 இல் அதன் விலை 12 சென்ட். மார்வல் நாயகன் ஷாங்-சியின் படம் வந்ததும் அவர் அறிமுகமான ஸ்பெஷல் மார்வல் எடிஷன் 15, டி.வி. தொடர் வரப்போகிறது என்றதும் மூன் நைட் முதலில் தோன்றிய வேர்உல்ஃப் பை நைட் 32, இப்படிக் கடைச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டிய இதழ்கள். திறக்க முடியாது, படிக்க முடியாது. காசு போட்டு வைக்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம், எனக்குப் புரட்ட முடியாத காமிக்ஸில் ஆசை இல்லை.

நான் குனிந்தது மேசைக்குக் கீழே இருக்கும் லாங் பாக்ஸ்களை நோக்கி. வெள்ளை அட்டைப்பெட்டி, உள்ளே இருநூறு முந்நூறு இதழ்கள் நெட்டுக்குத்தாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, முதுகுக்கு ஓர் அட்டை. இரண்டு கைவிரல்களாலும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். ஓரிடத்தில் ஒரு பெரியவர், மாஸ்க்குக்கு மேல் கண்ணாடி, நான் ஃபான்டம் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தனியாக ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். ஜூலையில் இவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்க முடியுமா என்பது சந்தேகம். அன்றைக்கு ஆற அமரப் பேசினார். உறையைப் பிரித்து எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டினார்: முதலில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கிறதா, நடுப்பக்கம் பின்னோடு பிடித்துக்கொண்டிருக்கிறதா, முதுகில் வெள்ளைக் கோடுகள் எத்தனை, கடைசியாகக் கூப்பன் எதையாவது யாராவது வெட்டி எடுத்திருக்கிறார்களா. எழுபதுகளின் மார்வல் இதழ்களில் ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டிருப்பார்கள், வெட்டி ஒட்டச் சொல்லி. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னபடி வெட்டிவிட்டார்கள். வுல்வரின் முழுசாக அறிமுகமான ஹல்க் 181 ஆம் இதழில் அது இல்லையென்றால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

அந்தப் பெட்டியில் கோல்ட் கீ இதழ் ஒன்று கிடைத்தது, ஜார்ஜ் வில்சன் வரைந்த அட்டையோடு. ஆரம்பகால கோல்ட் கீ இதழ்கள் பலவற்றில் அட்டை ஓவியத்தையே எழுத்து எதுவும் இல்லாமல் பின்னட்டையில் இன்னொரு தடவை அச்சிட்டிருப்பார்கள், சுவரில் ஒட்டிக்கொள்ள. தலைப்பும் விலையும் மறைக்காத அந்த ஓவியத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது இருட்டுக் காட்டில் ஊதா உடுப்பு என்னமாய் எடுக்கிறது! அப்புறம் சார்ல்டன் காலத்து இதழ்கள் ஒரு கட்டு. சார்ல்டன் அச்சு மோசம், வண்ணம் கோட்டை விட்டு விலகி நிற்கும், தாள் பழுத்து ஓரம் உதிரும். ஆனால் முதல் வருஷங்களில் வரைந்தவர் ஜிம் அபாரோ, பின்னாளில் பேட்மேனை வரைந்து பெயர் வாங்கியவர். கடைசிக் கட்டத்தில் டான் நியூட்டன், ரசிகர் பத்திரிகைகளில் வரைந்து மேலே வந்தவர், அட்டைகளுக்கு ஓவியமே தீட்டினார். மட்டமான தாளில் இத்தனை உழைப்பைக் கொட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நெகிழும்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல் பேரம் பேசலாம், திரும்பச் சுமந்துகொண்டு போக யாருக்கும் பிடிக்காது. ரொக்கம் வைத்திருங்கள். நான் எடுத்த கட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விலை கூட்டாமல் மொத்தமாக ஒரு விலை போட்டுக் கொடுத்தார் பெரியவர்.

எதிர்பாராமல் கிடைத்தது இன்னொரு கடையின் ஒரு டாலர் பெட்டியில். தி ஸ்டீல் க்ளா, குவாலிட்டி காமிக்ஸ், 1986. ஆமாம், நம்ம இரும்புக்கை மாயாவியேதான், ஃபான்டம் மாயாவி இல்லை, இவர் வேறு! 1962 இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கி, 1972 இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்து, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையையே காமிக்ஸ் பக்கம் இழுத்துவந்த ஆள். அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது, வண்ணம் பூசி நான்கு இதழ் போட்டு நிறுத்திவிட்டார்கள். அவரை வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோவின் கோடுகள் கறுப்பு வெள்ளையில்தான் அழகு, இந்த வண்ணம் அதன் மேல் அப்பியது மாதிரிதான் இருக்கிறது, இருந்தாலும் அங்கேயே நின்று படம் எடுத்து கோவில்பட்டியில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அங்கே அது விடியற்காலம். உடனே பதில்: "டேய், கலர்லயா? எத்தனை இருந்தாலும் அள்ளிட்டு வா." இரண்டு இருந்தன, இரண்டும் எடுத்துவிட்டேன்.

2022 ஜூலையிலிருந்து மறுபடி முழு அளவில் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். நடத்தட்டும், சினிமாக்காரர்களும் வரட்டும். ஆனால் பழைய இதழ்க் கடைகளுக்கு வாடகையைக் குறைத்து, உட்கார்ந்து பெட்டி புரட்ட ஒரு மூலையையாவது அகலமாக விடவேண்டும் என்று நடத்துகிறவர்களுக்கு எழுதியிருக்கிறேன், போய்வந்த மற்றவர்களும் எழுதுங்கள். எனக்குச் சார்ல்டன் 74 இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் நடக்கும் கதை, டான் நியூட்டன் வரைந்தது. அட்டை கிழிந்த பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கங்கள் முழுசாக இருக்கவேண்டும். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள்.