இலைச்சாறும் கூலிங் டவரும்

கெமிஸ்ட்ரி எம்எஸ்சி முடிச்சவங்கள்ல நெறைய பேரு ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் பண்ணிருப்பாங்க, ஏதோ ஒரு இலைய காயவச்சு அரைச்சு கொதிக்கவச்சு வடிகட்டி, அந்த சாறு கலந்த ஆசிட்லயோ தண்ணிலயோ மைல்டு ஸ்டீல் (சாதா இரும்பு) துண்ட தொங்கவிட்டு, முன்ன பின்ன எடை பாத்து, இரும்பு அரிச்சுப் போறது 90 சதவீதம் குறைஞ்சுதுன்னு தீசிஸ் எழுதி பைண்டிங் போட்டுருவாங்க. பொய்யில்லைங்க. ஆனா அதுல முக்காவாசி ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல சில மணி நேரம் வச்சு எடுத்த கணக்கு. ஆசிட்ல துரு கரைஞ்சு போயி இரும்பு பளிச்சுனு இருக்கும், சாறுல இருக்குற நைட்ரஜன், ஆக்சிஜன் உள்ள மூலக்கூறெல்லாம் நேரா போய் ஒட்டிக்கும். பிக்ளிங், அதாவது ஆசிட்ல முக்கி இரும்புத் துருவ எடுக்கறவங்களுக்கு அது போதும்.

ஆலைல சூடான தண்ணிய ஆறவைக்கிற கூலிங் டவர்ல ஓடுற தண்ணி வேற கதை. அங்க இரும்ப தின்றது கரைஞ்சிருக்குற ஆக்சிஜன், கூட குளோரைடு, பாசி, உப்புப் படிவு எல்லாம். முந்தி இத தடுக்க க்ரோமேட்ங்கற குரோமியம் உப்பத்தான் போடுவாங்க, சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா வேலை செய்யும், ஆனா புற்றுநோய் வரவைக்கும். கலிஃபோர்னியால ஹிங்க்லிங்கற ஊர்ல 1952லேருந்து 1966 வரைக்கும் க்ரோமேட் தண்ணிய வெறும் மண் குட்டைல விட்டு நிலத்தடி நீரே கெட்டுப்போச்சு, 1996ல அத விட்ட PG&Eங்கற கம்பெனி 333 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு கட்டுச்சு. அப்புறம் பாஸ்பேட்டுக்கு மாறுனா, அது ஏரில போயி பாசிய வளக்குது. செடி பக்கம் எல்லாரும் திரும்புனது இதனாலதான்.

செடிலேருந்து வர்றதுல நான் நம்புறது டானின மட்டும்தான், டீயிலயும் கடுக்காயிலயும் இருக்குற துவர்ப்புப் பொருள். நீராவி ரயில் காலத்துலயே பாய்லர் தண்ணில போட்டிருக்காங்க. இரும்போட சேந்து கருநீலமா ஒரு படலம் கட்டும், காரத் தண்ணில ஆக்சிஜனையும் இழுத்துக்கும். கலம்காரில கடுக்காய்ல முக்குன துணி மேல இரும்பு ஊறவச்ச வெல்லத்தண்ணிய தொட்டு வரைஞ்சா கருப்பாகுதே, அதே வேதியியல்தான். தண்ணி டீ கலர்ல ஆகும், அது பரவால்ல.

பிரச்சனை என்னன்னா, நம்ம வெயில்ல இலைச்சாறு பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு. வழுவழுன்னு படலம் கட்டி அதுக்கடியில குழி குழியா அரிக்கும், சராசரி எடை குறைவுல அது சரியா தெரியவே தெரியாது. சரி குளோரின் போட்டு கொல்லலாம்னா அது டானினையும் ஆக்சிடைஸ் பண்ணி வீணாக்கிரும். இன்னொன்னு, மழைக்கு முன்னாடி பறிச்ச இலையும் அப்புறம் பறிச்ச இலையும் ஒரே மாதிரி இருக்காது, எவ்ளோ டோஸிங் வைக்கறதுன்னு ஆபரேட்டர்கிட்ட என்ன சொல்றது?

அதனால இலைச்சாறு பத்தி புதுசா ஒரு ஆராய்ச்சி பேப்பர் வந்தா நான் முதல்ல தேடறது தண்ணியா ஆசிடான்னு, அடுத்து எத்தனை நாள், அதுக்கப்புறம் குளோரின் இருந்துச்சான்னு. அனேகமா முதல் கேள்வியிலயே மூடி வச்சிருவேன்.