எறும்புப் புற்றும் என் புல்தரையும்

செப்டம்பர் 6

கொரியன் புல் பதித்து 14 மாதம் ஆகிறது. 20 அடிக்கு 15 அடி. கோவை வடவள்ளி வெயிலில் இப்படி ஒன்றை வைத்துக்கொள்வதே திமிர் என்றார் என் மைத்துனர். அவர் வந்தால் முதலில் போய் உட்காருவது அதில்தான், அது வேறு விஷயம்.

இன்று காலை தண்ணீர் விடப் போனால், பறவைகளுக்குத் தீனி வைக்கும் கம்பத்தைச் சுற்றி நான்கு இடங்களில் ரவையைக் கொட்டியதுபோல் செம்மண். ஒன்றை விரலால் கிளறினேன். கிளறியிருக்கக் கூடாது. மணிக்கட்டு வரை ஏறிய பிறகுதான் உதறவே தோன்றியது.

செப்டம்பர் 8

பேத்தி வந்திருந்தாள். செருப்பில்லாமல் ஓடாதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அலறல். கணுக்காலில் ஒன்பது இடம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வைத்தோம். மூச்சிரைப்போ முகவீக்கமோ வருகிறதா என்று ஒரு மணி நேரம் அவளை விட்டு நகரவில்லை. அப்படி ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நல்லவேளை, தடிப்பும் அரிப்பும்தான்.

அவளைத் தூங்கவைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியோடு போனேன். இது நம் சமையலறைக்கு வரும் ஆசாமி அல்ல, நெருப்பெறும்பு. முதலில் தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. பிறகு உடம்பை வளைத்துப் பின்பக்கத்துக் கொடுக்கால் குத்துகிறது. நாம் எறும்புக்கடி என்கிறோம், வலி முழுக்கக் கொட்டில்தான் இருக்கிறது. கூட்டத்தில் சிலவற்றுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, நடுவில் வகிடு எடுத்ததுபோல் ஒரு பள்ளம். மற்றவை பரபரக்கும்போது அவை மட்டும் நிதானமாக நடக்கின்றன.

செப்டம்பர் 9

வெந்நீர். பெரிய குண்டானில் ஐந்து லிட்டர் கொதிக்கவைத்து, இரண்டு புற்றுகளில் ஊற்றினேன். மனைவி கேட்டபோது எறும்புக் குழி என்றுதான் சொன்னேன். புற்று என்று வாயைவிட்டால் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பத்தே நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 13

பெருமை நான்கு நாள். ஊற்றிய இரண்டு இடங்களிலும் ஒரு சாண் வட்டத்துக்குப் புல் வைக்கோலாகிவிட்டது. ஒரு புற்று உண்மையாகவே செத்துவிட்டது. இன்னொன்று மூன்றடி தள்ளிப் புது வாசல் திறந்திருக்கிறது. ராணி ஆழத்தில் இருக்கிறாள். நான் ஊற்றிய வெந்நீர் அவள் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெறும் நீராகியிருக்கும்.

செப்டம்பர் 15

பூச்சிமருந்துக் கடை. ஒரு வெள்ளைத் தூளை எடுத்து நீட்டி, "தூவிவிட்டு இரண்டு நாள் யாரையும் விடாதீர்கள் சார்" என்றார். பேத்தியிடம் சொல்லிவிடலாம். சிட்டுக்குருவியிடமும் மைனாவிடமும் யார் சொல்வது? சின்ன வயதில் எங்கள் வீட்டில் கெமாக்சின் தூளை விபூதிபோல் மூலைக்கு மூலை போடுவார்கள். அதற்கு இப்போது தடை. வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எறும்பு சாக்பீஸால் கோடு போடு என்றார் மைத்துனர். புல்லில் கோடு போடுவது எப்படி என்பதையும் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 17

மருந்து வைக்கும் முன் அவர்களுடைய நாக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மூன்று தேங்காய்ச் சிரட்டைகள். ஒன்றில் சர்க்கரைப்பாகு, ஒன்றில் தேங்காய்த் துருவல், ஒன்றில் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை. வெயில் தாழ்ந்த பிறகு வைத்தேன். பாகுக்கு வந்தவை சுவரோரத்துப் பிள்ளையார் எறும்புகள், யாரையும் கடிக்காத கறுப்பு ஜனங்கள். செவ்வெறும்பு நேராகக் கடலைக்குப் போனது. அரை மணியில் சிரட்டை தெரியவில்லை.

ஆக, வீடுகளில் எல்லோரும் சொல்லும் சர்க்கரை மருந்தை வைத்திருந்தால் அப்பாவிகளைக் கொன்றுவிட்டு, கொட்டியவனை விட்டிருப்பேன்.

செப்டம்பர் 18

மருந்துக் கடையில் போரிக் பவுடர். கேரம் பலகைக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை.

நூறு கிராம் கடலைப் பொடிக்கு மூன்று தேக்கரண்டி. நிறையப் போட்டால் நிறையச் சாகும் என்ற கணக்கு.

செப்டம்பர் 20

கணக்கு தப்பு. தீனியைச் சுற்றியே இருபது முப்பது செத்துக் கிடக்கின்றன, மற்றவை தொடாமல் சுற்றிப் போகின்றன. மெதுவாக வேலை செய்தால்தான் இதில் பலன். வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. துணுக்கை உள்ளே கொண்டுபோய்ப் புழுக்களுக்கு ஊட்டும். புழு செரித்துக் கொடுப்பது வாய்க்கு வாய் மாறி ராணி வரை போகும். வாசலிலேயே செத்து விழுகிறவன் எதைக் கொண்டுபோய் ஊட்டுவான்?

இப்போது நூறு கிராமுக்கு ஒரே ஒரு தேக்கரண்டி, பிசைய இரண்டு சொட்டுக் கடலை எண்ணெய். பழைய மாத்திரை டப்பாக்களில் ஊசியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, உள்ளே அடைத்து, மூடியை இறுக்கிக் கம்பியால் தரையில் குத்திவைத்தேன். குழந்தை கை, நாய் வாய், குருவி அலகு எதுவும் போகாது. மாலையில்தான் வைக்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் விடக் கூடாது, நனைந்தால் சீந்தமாட்டார்கள்.

செப்டம்பர் 29

மூன்றில் ஒன்று அடங்கிவிட்டது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. இன்னொன்றில் பாதி நடமாட்டம். கம்பத்தடியில் இருக்கும் பெரிய புற்று மட்டும் முன்னைவிடச் செழிப்பு. டப்பாவை அவ்வளவாக மதிக்கவில்லை.

அக்டோபர் 2

விடுமுறை. காலையில் குந்தி உட்கார்ந்து அந்தப் பெரிய புற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு ஒரு பக்கம் மண் குவியல். இன்னொரு பக்கம், கொஞ்சம் தள்ளி, வெளிறிய தவிடுபோல் வேறொரு குவியல். கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உமி. கம்பு உமி. அதே நேரம் ஒரு சின்ன எறும்பு, தன்னைவிடப் பெரிய கம்பு மணி ஒன்றைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. புல் தடுக்கி இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை உள்ளே போயிற்று.

அந்தப் பெரிய தலைகள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே தானியம் உடைக்கும் ஆட்கள் அவை.

கம்பு போட்டவன் நான்தான். தினம் காலை ஒரு கைப்பிடி, சிட்டுக்குருவிக்கு. குருவி பாதியைக் கீழே சிந்தும், அந்தப் பாதியில் ஒரு ஊரே பிழைத்துக்கொண்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து வெந்நீர் சுமந்தேன், மருந்துக் கடைக்கு நடந்தேன், தினமும் காலை ஆறரைக்கு என் கையாலேயே ரேஷனும் கொடுத்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "நான் வாசலில் அரிசிமாவில் கோலம் போட்டால் புண்ணியம் பார்க்கிறாயா என்று கேலி செய்தீர்களே" என்றாள். பதில் இல்லை.

அக்டோபர் 3

கம்பத்தைப் பிடுங்கிச் சிமென்ட் தளத்தில் வைத்தாயிற்று. அடியில் சிந்துவதைப் பிடிக்க ஒரு பழைய சுளகு. மாலையில் எடுத்து உதறிவிட வேண்டும். குருவிகள் இரண்டு நாள் முறைக்கும்.

மகன் போனில் ஒரு தகவல் சொன்னான். இந்த எறும்பு இந்த ஊர்க்காரனே இல்லையாம். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி உலகம் சுற்றியது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மெக்சிகோ எறும்பு, கொரியாவின் பெயரில் புல். தோட்டத்தில் நானும் செம்மண்ணும்தான் உள்ளூர்.

அக்டோபர் 14

நேற்று மதியமே கம்பத்தடிப் புற்றில் பரபரப்பு. வெள்ளை வெள்ளையாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறின. முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். அது முட்டையில்லை, பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். ஆனால் மழை வந்தது, இரவு முழுக்க. விடிந்ததும் ஈர மண்ணில் புற்று இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது. பழமொழிக்குத் தேர்ச்சி மதிப்பெண்.

மாலையில் சிறகு முளைத்தவை கிளம்பின. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் ஒவ்வொன்றாகப் பறந்து பிடித்துத் தின்றது. தப்பிப் போன ராணிகள் யார் வீட்டுப் புல்லில் இறங்கினவோ.

அக்டோபர் 27

மண் காய்ந்த இரண்டு நாளில் டப்பாவுக்குப் புதுத் தீனி. கம்பு இல்லாததால் இப்போது முட்டி மோதிக்கொண்டு வருகிறார்கள். உமிக் குவியல் வளரவில்லை. குத்திப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் சோம்பலாக வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். வேலி மூலையில் சின்னதாக ஒரு புற்று தெரிகிறது. அதை இப்போதைக்குத் தொடுவதாக இல்லை. பிள்ளையார் எறும்புகள் எப்போதும்போல் சுவரோரம் ஊர்வலம்.

வெந்நீர் வட்டங்களில் ஓரத்திலிருந்து வேர் ஓடி ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை வந்திருக்கிறது. கொரியன் புல் அவசரப்படாது.

பேத்தி போனில் கேட்டாள்: "எறும்பெல்லாம் போய்விட்டதா தாத்தா?"

"செருப்புப் போட்டுக்கொண்டு வா" என்றேன்.