மூச்சை இழுக்கிறோம், வெண்டிலேட்டர் தள்ளுகிறது

"மூச்சை இழுத்து விடு" என்றுதான் நாம் சொல்கிறோம். தள்ளி விடு என்று யாரும் சொல்வதில்லை. நான் படிப்பது ரெஸ்பிரேட்டரி தெரபி மூன்றாம் ஆண்டு, சேலத்தில் ஒரு ஐசியுவில் போஸ்டிங் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது, இத்தனை நாளில் வெண்டிலேட்டரைப் பற்றி எனக்குப் புரிந்ததெல்லாம் இந்த இழுப்பது, விடுவது என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் புரிந்தது. இந்தப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நாம் மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா விரிகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. வெண்டிலேட்டர் செய்வது இதற்கு நேர் எதிர். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப் வழியே அழுத்தம் கொடுத்துக் காற்றை உள்ளே தள்ளுகிறது. நெஞ்சு எழும்பித் தாழ்வதை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றல்ல. தள்ளப்படும் காற்று எந்தப் பகுதி இளகியிருக்கிறதோ அங்கேதான் அதிகம் போகும். நோயில் இறுகிய பகுதி அப்படியே கிடக்க, நல்ல பகுதி அளவுக்கு மீறி உப்பும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும், டியூப் போட்டு வெண்டிலேட்டரில் சேர்த்த சில நிமிடத்தில் சிலருக்கு பிபி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1928-ல் பாஸ்டனில் டிரிங்கரும் ஷாவும் உருவாக்கிய இரும்பு நுரையீரல் இழுக்கிற வகைதான். தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பு முழுவதும் ஒரு பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் நெஞ்சு விரியும். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது அந்தப் பெட்டிகள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து மருத்துவர் கழுத்தில் துளை போட்டு, டியூப் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளலாம் என்றார். அமுக்கியவர்கள் மாணவர்கள், சுமார் 1,500 பேர், ஷிஃப்ட் போட்டு, இரவும் பகலும், வாரக்கணக்கில். அதுவரை மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள், அதன் பிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். நான் முதல் தடவை ஆம்பு பேக் அமுக்கியபோது பத்து நிமிடத்தில் உள்ளங்கை வலித்தது. அன்று இரவு அந்த மாணவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, முதலில் கற்றுக்கொண்டது டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் எவ்வளவு காற்று கொடுப்பது என்பது. எடைக்கு எடை கணக்குப் போட்டுவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். மேடம் தையல்காரர் வைத்திருக்கும் டேப்பைக் கையில் கொடுத்து, "முதல்ல உயரத்தை அள" என்றார். மனிதர் குண்டானால் நுரையீரல் பெரிதாவதில்லை, அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. அதனால் உயரத்துக்கு ஏற்ற எடை என்று ஒன்றைக் கணக்கிடுகிறோம்: ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ என்று தொடங்கி, 152.4 செ.மீ.க்கு மேலே ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கிலோ கூட்ட வேண்டும். 155 செ.மீ. உயரமும் 85 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மாவுக்கு இந்தக் கணக்கில் வருவது 48 கிலோதான். கிலோவுக்கு 8 மில்லி என்றால் 384 மில்லி. எடையை வைத்துப் போட்டால் 680 மில்லி வந்திருக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அமெரிக்காவில் ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரென்று அழன்று, நீர் கோத்து இறுகிவிடும் நிலை) வந்த 861 பேரிடம் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி வைத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி வைத்தவர்களில் 31 சதவீதம் பேர். அந்த வித்தியாசத்துக்குப் புது மருந்து எதுவும் காரணமில்லை, குறைவாகத் தள்ளியதுதான் காரணம்.

அடுத்தது பீக் பிரஷர், பிளாட்டோ பிரஷர். வகுப்பில் மூன்று தடவை கேட்டும் எனக்கு இது மண்டையில் ஏறவில்லை, கடைசியில் எங்கள் வீட்டுப் பட்டறையை நினைத்த பிறகுதான் பிடிபட்டது. எங்கள் வீடு சிவதாபுரத்தில், தாத்தா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசு வேலை. இப்போது அப்பா கேஸ் வைத்துப் பற்ற வைக்கிறார், தாத்தா ஊதுகுழலில்தான் ஊதுவார். பொடி வைத்து ஊதுவது என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான் அவருடைய நிஜமான வேலை. குழல் மெலிசாக இருந்தால் கன்னம் உப்பி இறுகும், ஆனால் முனையில் வரும் காற்று கொஞ்சமாகத்தான் இருக்கும். கன்னத்தில் இருந்த அழுத்தமெல்லாம் எங்கே போயிற்று? குழலைக் கடப்பதிலேயே செலவாகிவிட்டது. காற்று ஓடினால்தான் அந்தச் செலவு, ஓட்டம் நின்றால் செலவும் இல்லை.

வெண்டிலேட்டரிலும் இதேதான். காற்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரியும் உச்ச அழுத்தம் பீக், அதில் குழாய்களைக் கடக்கும் செலவும் இருக்கிறது, நுரையீரலை விரிக்கும் செலவும் இருக்கிறது. காற்று உள்ளே போய் முடிந்ததும் அரை நொடி ஹோல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓட்டம் நிற்கும், குழாய்ச் செலவு காணாமல் போகும், மிஞ்சி நிற்பதுதான் பிளாட்டோ. நுரையீரல் உண்மையில் தாங்கிக்கொண்டிருக்கும் அழுத்தம் அது. வெண்டிலேட்டரில் அழுத்தத்தை இத்தனை செ.மீ. உயரத் தண்ணீர் என்றுதான் அளப்போம், 30 செ.மீ. தண்ணீருக்கு மேலே பிளாட்டோவை விடக் கூடாது.

இது புரிந்த இரண்டாவது வாரம், ஒரு நைட் ஷிஃப்டில் ஐந்தாம் படுக்கையில் ஹை பிரஷர் அலாரம் அடித்தது. நான் ஓடிப் போய்த் திரையைப் பார்த்தேன், அலாரம் சத்தத்தை நிறுத்தினேன், அப்படியே திரையின் முன்னால் நின்றேன். பின்னால் வந்த சீனியர் அண்ணா திரையைப் பார்க்கவே இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்தார், டியூப் எத்தனை செ.மீ.யில் கட்டியிருக்கிறது என்று பார்த்தார், நெஞ்சு இரண்டு பக்கமும் எழும்புகிறதா என்று கை வைத்துப் பார்த்தார், ஸ்டெத் வைத்தார். அதற்குப் பிறகுதான் என்னை ஹோல்ட் அழுத்தச் சொன்னார். பீக் 44, பிளாட்டோ 19. "நுரையீரல் நல்லாருக்கு, வழிதான் அடைச்சிருக்கு" என்றார். சக்ஷன் போட்டோம், கட்டியாகச் சளி வந்தது, பீக் 25-க்கு இறங்கியது. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கதையே வேறு, நுரையீரல் இறுகியிருக்கலாம், அல்லது நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்து நுரையீரலை அமுக்கிக்கொண்டிருக்கலாம், அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அன்று நான் வீணாக்கிய அந்த அரை நிமிடம் இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் அலாரம் அடித்தால் முதலில் ஆளைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது பீப் (PEEP), அதாவது மூச்சு விட்டு முடித்த பிறகும் நுரையீரலுக்குள் மிஞ்ச வைக்கும் அழுத்தம். அதை வீட்டிலேயே உணர்ந்து பார்க்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரில் இளநீர் ஸ்ட்ராவை 5 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள், அந்த 5 செ.மீ. தண்ணீரைத் தாண்டினால்தான் குமிழி வரும், மூச்சு விட்டு முடித்த பிறகும் அவ்வளவு அழுத்தம் உள்ளே மிஞ்சும். பெரும்பாலான நோயாளிகளுக்கு நாங்கள் முதலில் வைக்கும் பீப் அதுதான், 5. காற்றறைகள் முழுக்கச் சுருங்கி ஒட்டிக்கொண்டால் மறுபடி திறப்பது பெரும்பாடு, அவை மூடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் பீப்பின் வேலை.

ஆக்சிஜனுக்கு எனக்கு உதவியது ஏற்காடு. அடிவாரத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆனால் காற்றின் மொத்த அழுத்தமே குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. சதவீதம் வேறு, அழுத்தம் வேறு. வெண்டிலேட்டரில் நாம் வைப்பது சதவீதம், ரத்தத்துக்குள் ஆக்சிஜனைச் சேர்ப்பது அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் நுரையீரல் இருக்கிறது. டியூப் போட்டதும் 100 சதவீதத்தில் தொடங்கினாலும், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற சதவீதம்) சரியாக நிற்கிறதா என்று பார்த்தபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அதிக ஆக்சிஜனும் நாள்பட்டால் நுரையீரலைக் கெடுக்கும்.

அப்புறம் நம் ஊரில் ஆஸ்துமாவை இழுப்பு என்போம். பெயர் இழுப்பு, ஆனால் அந்த நோயாளிக்குப் பெரிய கஷ்டம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. காற்றுப் பாதை சுருங்கியிருப்பதால் உள்ளே போனது வெளியே வர நேரமாகும், அது முழுக்க வருவதற்குள் அடுத்த மூச்சைத் தள்ளினால் காற்று உள்ளேயே தேங்கித் தேங்கி நெஞ்சு உப்பும், பிபி சரியும். மூச்சு வாங்குகிறவருக்கு இன்னும் வேகமாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும், ஆனால் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது. உள்ளே தள்ள 1 நொடி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 24 மூச்சில் வெளியே விட ஒன்றரை நொடிதான் கிடைக்கும், 12 என்றால் 4 நொடி. தேங்கிப் போய் பிபி விழுந்துவிட்டால் சர்க்யூட்டை, அதாவது இயந்திரத்திலிருந்து வரும் குழாயை, டியூபிலிருந்து கழற்றிவிட்டுக் காற்று வெளியே வரக் காத்திருப்பதுதான் முதல் வைத்தியம். வெண்டிலேட்டரில் இருப்பவரைக் கழற்றி விடுவதா என்று முதல் தடவை கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

இதையெல்லாம் எழுத வைத்தவர் வேறொருவர். சேர்வராயன் மலை அடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவில் தரையில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறார், விடியற்காலையில் வயிற்று வலி, கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கடித்த இடமே சரியாகத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், வலியும் வீக்கமும் இல்லாததால் பூச்சி என்று விட்டுவிடுவார்கள். அதன் விஷம் நரம்பு முனைகளைச் சிதைத்துவிடுகிறது, விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அந்த முனைகள் மறுபடி வளர நாட்கள் பிடிக்கும். அதுவரை மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

அவருடைய நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. பிளாட்டோ 14, ஆக்சிஜன் 30 சதவீதம். இழுக்கும் தசைதான் வேலை செய்யவில்லை. இமை திறக்காது, விரல் அசையாது, கிள்ளினாலும் முகம் சுளிக்காது, பார்க்கிறவர்கள் மூளை போய்விட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு நினைவு முழுக்க இருக்கலாம், காது கேட்கலாம். மேடம் இதை முதல் நாளே சொல்லிவிட்டார், படுக்கைப் பக்கம் நின்று யாரும் வீண் பேச்சு பேசக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். அதனால் நான் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "அண்ணா, சளி எடுக்கப் போறேங்க, கொஞ்சம் சங்கடமா இருக்கும்." "அண்ணா, இன்னைக்கு வியாழக்கிழமைங்க, வெளிய மழை." அவர் மனைவி பார்வை நேரத்தில் வந்து, "ஏங் கண்ணு, அவருக்குக் கேக்குதா?" என்று தினமும் கேட்பார். கேட்கும் அக்கா, பேசுங்க என்பேன். அவர் குனிந்து மாட்டைப் பற்றியும் பிள்ளைகளின் ஸ்கூலைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போவார்.

நான்காம் நாள் காலை திரையில் அழுத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் மட்டுமே தள்ளும்போது ஒவ்வொரு மூச்சும் பீப் கோட்டிலிருந்து நேராக மேலே ஏறும். அன்று ஒரு மூச்சு ஏறுவதற்கு முன்னால் கோடு கீழ்ப்பக்கம் லேசாகக் குழிந்தது. சர்க்யூட்டில் தண்ணீர் தேங்கி ஆடினாலும் அப்படித் தெரியும் என்பதால் குழாயைத் தூக்கி வடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு மூச்சு விட்டு மறுபடி குழிந்தது. அவர் இழுக்கிறார். மேடத்தைக் கூப்பிட்டேன், அவரும் ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பிரஷர் சப்போர்ட், அதாவது அவர் இழுக்கத் தொடங்கும் மூச்சுக்கு இயந்திரம் தள்ளி உதவுவது, அந்த உதவியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஏழாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து நொடிக்கு மேல் நிறுத்தினார், இருமலில் பலம் இருந்தது. அரை மணி நேரம் குறைந்த உதவியில் விட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லி, 20-ஐ 0.4 லிட்டரால் வகுத்தால் 50. இது 105-க்குக் கீழே இருந்தால் டியூப் எடுத்த பிறகு தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். பதினொரு மணிக்கு டியூபை எடுத்தார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து போகும்போது எட்டிப் பார்த்தேன். குரல் கரகரவென்றுதான் வந்தது. "வெளிய மழை விட்டிருச்சா?" என்று கேட்டார்.