இரண்டாம் கட்டு, மார்ச்

மார்ச் 4
சூடான தாரையில் துகள்கள் பிறப்பதைக் கணிக்கும் என் கணினிக் கணக்கு 212-ஆவது படியில் நின்றுபோயிருக்கிறது. திரை முழுக்க நான், நான், நான். விடை எண்ணே அல்ல என்று கணினி சொல்லும் சுருக்கம். நம் எழுத்தில் வாசித்தால் இப்படியா வந்து தொலைய வேண்டும்.

மார்ச் 5
அப்பத்தா விடிய விடிய இருமினார்கள்.

மார்ச் 7
எங்கே உடைகிறது என்று பிடித்துவிட்டேன். சூடான தாரையில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவி ஆக்சிஜனோடு சேர்கிறது. கண் இமைப்பதற்குள் டைட்டானியாத் துகள்கள் பிறந்து, மோதி, ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றையும் பின்தொடர எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் மூன்று கூட்டுத்தொகைகள் மட்டும்: எத்தனை துகள், மொத்தக் கனஅளவு எவ்வளவு, கனஅளவுகளின் வர்க்கங்கள் எவ்வளவு. மோதினால் முதலாவது குறையும், இரண்டாவது அசையாது, மூன்றாவது ஏறும். ஸ்மொலுகோவ்ஸ்கி 1916-லேயே எழுதிவைத்த கணக்கு. முதலையும் மூன்றையும் பெருக்கினால் இரண்டாவதன் வர்க்கத்துக்குக் கீழே போகவே கூடாது. தாரையின் ஓரத்தில், வெளிக்காற்றோடு உரசிச் சுழலும் இடத்தில், போகிறது. காற்றோடு நகர்த்தும்போது, ஒரே வண்டியில் போக வேண்டிய இந்த மூவரைத் தனித்தனி வண்டியில் ஏற்றிவிட்டேன். தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒழுங்கு.

மடிக்கணினிச் சூட்டுக்கு ஆத்தங்குடிக் கல் தரைதான் மருந்து.

மார்ச் 8
மின்சாரம் இல்லை. அப்பத்தாவுக்கு மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசரும் இல்லை.

மார்ச் 10
துல்லியம் குறைந்த பழைய முதல்படி முறைக்கு இறங்கினேன். நிற்காமல் ஓடுகிறது. ஆனால் தாரையின் ஓரம் ஊறிய அப்பளம்போல் கிடக்கிறது. சாதாரணக் காற்றில் பத்து நானோமீட்டர் துகளின் பரவல், காற்றின் பிசுப்பு (பாகுத்தன்மை) பரவும் வேகத்தில் 300-இல் ஒரு பங்குதான். இத்தனை கலங்கல் துகள் செய்ததல்ல, என் கணக்கு செய்தது. கைடு "போதும்" என்கிறார். எனக்குப் போதவில்லை.

மார்ச் 11
அப்பத்தா திரையைப் பார்த்து, "இன்னுமா ஆத்தா அந்த அடுப்பு எரிகிறது?" என்று கேட்டார்கள்.

மார்ச் 13
முற்றத்து வெயிலில் நெபுலைசர் புகை தெரிகிறது. ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் துளிகள்தாம் நுரையீரலுக்குள் இறங்கும், 0.3 மைக்ரான் அளவில் பெரும்பகுதி மூச்சோடு திரும்பிவிடும். அதற்கும் கீழே நானோவுக்குப் போனால் மறுபடி ஒட்டத் தொடங்கும், அதுவும் ஆக அடியில். விறகுப் புகைக்கரியின் ஒற்றை மணித்துகள் இருபது முப்பது நானோமீட்டர். இந்த வளவு வீட்டில் ஏழு அடுப்பு எரிந்த காலத்தில் நான்கு மணிக்கே எழுந்து ஊதுகுழல் பிடித்ததை அப்பத்தா பெருமையாகத்தான் சொல்வார்கள். எத்தனை வருடம் என்று இன்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இப்போது இரண்டு புள்ளிதான், இரண்டே குடும்பம். இரண்டும் கேஸ்.

மார்ச் 14
மூவரையும் ஒரே வண்டியில் ஏற்றினேன். 340 தாண்டிவிட்டது. ஓரம் கூர்மை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15
காரைக்குடிக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் டாக்டர். கார் வாசலில் நிற்கிறது. 611. நிறுத்தாமல் போகிறேன்.